டெசிபல் அக்காவின் தாமிர அறை

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு அடுத்தவரைப் பற்றிப் பேசினால்தான் நியாயம். ‘லோ நாய்ஸ் சிப்’ தயாரிக்கும் தொழிற்சாலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் வந்தபோது, சத்தம் குறைவான தொழிற்சாலை போலிருக்கிறது என்று நினைத்து விண்ணப்பித்தவன் நான். அதற்கு முன்னால் ஆணி அடிக்கும் பட்டறையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அங்கே இரண்டு வருடம் இருந்ததில் வீட்டுக்குப் போன பிறகும் காதுக்குள் ஆணி அடித்துக்கொண்டே இருந்தது. நேர்முகத் தேர்வில், “எதற்காக எங்களிடம் சேர விரும்புகிறாய்?” என்று கேட்டார்கள். “எனக்கு அமைதி பிடிக்கும், நானும் அதிகம் பேசாதவன்” என்று இருபது நிமிடம் விளக்கினேன். எதிரே இருந்த மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நகைச்சுவை உணர்வுள்ள பையன் என்று வேலையைக் கொடுத்துவிட்டார்கள். நான் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை என்பது அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

இப்படித்தான் தொண்ணூறுகளின் நடுவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பேனாவும் கையுமாக வந்து நின்றேன். அங்கேதான் டெசிபல் அக்காவைப் பார்த்தேன்.

உலகத்தில் பிறந்த எல்லா உயிர்களும் ஏதாவது ஒரு சத்தத்தை எழுப்பிக்கொண்டேதான் இருக்கின்றன, டெசிபல் அக்காவைத் தவிர. அவர் நடந்தால் செருப்புச் சத்தம் வராது. கதவைத் திறந்தால் கீல் முனகாது. தும்மினால்கூட ‘ச்’ என்று ஆரம்பிக்கும், மீதியை உள்ளேயே வைத்துக்கொள்வார். நாற்பது வயது, ஒல்லி, மூக்குக்கு மேலே ஒரு கண்ணாடி, நெற்றிக்கு மேலே இன்னொரு கண்ணாடி. கன்டீனில் அவர் குடிப்பது தே-ஓ கோசோங். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது, வெறும் சாயம். “ஏன் அக்கா இந்தக் கஷாயம்?” என்று கேட்டதற்கு, “தேயிலைய தண்ணியில போட்டா தேயிலை வாசம் வரணும். மத்தது எல்லாம் கூட்டம்” என்றார்.

எங்கள் சிப் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. வெளிநாடுகளில் டிவி படம் வானத்திலிருந்து வராதாம், தெருத் தெருவாகக் கம்பி வழியே வருமாம். தூரம் போகப் போகப் படம் களைத்துவிடும். அங்கங்கே ஒரு பெட்டி வைத்து, அதற்குள் எங்கள் சிப்பை உட்கார வைத்தால், களைத்தவனைத் தூக்கி நிறுத்தி அடுத்த தெருவுக்கு ஓடவிடும். சிக்கல் என்னவென்றால், தூக்கி நிறுத்தும்போது தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்த்துவிடும். அது டிவியில் கொசுக்கூட்டம் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். எவ்வளவு சேர்க்கிறது என்பதை டெசிபலில் அளப்பார்கள். குறைந்தால் நல்லது, கூடினால் குப்பைத்தொட்டி. அடுத்து அதே கம்பியில் இன்டர்நெட்டும் ஓடப்போகிறது என்றார்கள். எங்களில் பாதிப் பேருக்கு இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாது. மீதிப் பேர் தெரிந்த மாதிரி தலையாட்டினோம். இதில் வேடிக்கை, எங்களில் ஒருவர் வீட்டிலும் கேபிள் கிடையாது. எங்கள் வீட்டுக் கூரையில் மீன்முள் மாதிரி ஒரு ஆன்டெனா. காற்று அடித்தால் அப்பா கூரையில், அம்மா ஜன்னலில், நான் டிவி முன்னால் நின்று, “வருது... வருது... போச்சு!” என்று கத்துவேன். மறுநாள் காலையில் தொழிற்சாலைக்குப் போய், யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டுப் படத்தில் ஒரு புள்ளிகூட வரக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன்.

அந்த இரைச்சலை அளக்கிற அறைதான் டெசிபல் அக்காவின் ராஜ்ஜியம். நான்கு சுவர், தரை, கூரை எல்லாம் தாமிரத் தகடு. வெளியே இருக்கும் எந்த வானொலி அலையும் உள்ளே நுழைய முடியாது. கதவைச் சுற்றி, சீப்பின் பல் மாதிரி மெல்லிய உலோகப் பட்டைகள். கதவைச் சாத்தினால் அவை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அறைக்குள் போக வேண்டுமானால் வாசலில் இருக்கும் பிஸ்கட் டின்னில் கைக்கடிகாரம், பேஜர், சாவிக்கொத்து எல்லாவற்றையும் போட்டுவிட வேண்டும். ஒருமுறை ஏர்கண்டிஷன் பழுதுபார்க்க வந்தவரிடம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, “பல்லு கட்டியிருக்கீங்களா?” என்று கேட்டார். அவர் பயந்துபோய்ப் பல்செட்டையும் கழற்றிப் போட்டார். அக்கா அதை மரியாதையாக ஒரு டிஷ்யூவில் சுற்றி வைத்தார்.

மனிதர்களையும் அவர் டெசிபலில்தான் அளப்பார். என்னைப் பார்த்த முதல் நாளே கணக்குப் போட்டுவிட்டார். “தம்பி, நீ ஆறு.”

“ஆறாவது ஆளா அக்கா?”

“ஆறு டெசிபல். ஒண்ணு கேட்டா நாலா சொல்ற.”

அன்றிலிருந்து என் பெயர் ஆறு. இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, வாதாடினேன். வாதாடி முடித்ததும், “இப்ப ஏழு” என்றார்.

சும்மா சொல்லவில்லை, நிரூபித்தும் காட்டினார். ஒருநாள் காலையில் பசியாறும் நேரத்தில் என்னிடம் மட்டும், “ஜி.எம். வீட்டுப் பூனை ரெண்டு குட்டி போட்டிருக்காம்” என்றார். ஜி.எம். என்றால் எங்கள் ஜெனரல் மேனேஜர். நான் அதை அப்படியே பேக்கிங் பெண்களிடம் சொன்னேன். அப்படியே என்றால், கொஞ்சம் சுவையாக. அவர்கள் ஸ்டோரில் சொன்னார்கள். ஸ்டோர்க்காரர்கள் பஸ் டிரைவரிடம் சொன்னார்கள். மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கும்போது வாசல் காவலாளி அக்காவிடம் ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னார்: “தெரியுமா அக்கா, ஜி.எம்.முக்கு ஈப்போவுல சின்ன வீடு இருக்காம், இரட்டைப் புள்ளையாம்!”

அக்கா நேரே என் மேசைக்கு வந்தார். “நீ என்னா சொன்ன?”

“பூனை குட்டி போட்டிருக்கு, ஆனா ஜி.எம். வெளிய சொல்ல வேணாம்னு பாக்குறாரு, அப்படின்னுதான் லா சொன்னேன்.”

“அதான். முதல் ஆளு நீ. முதல் ஆளு போடுற இரைச்சல பின்னால வர்ற எல்லாரும் பெருக்கிப் பெருக்கி அனுப்புவாங்க. காவலாளி மேல தப்பு இல்ல.” கேபிள் வரிசையில் முதல் சிப்தான் ரொம்ப சுத்தமாக இருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் ஒரு பக்கத்துக்குச் சூத்திரம் போட்டு விளக்குவார்கள். எனக்கு அது புரிந்தது ஜி.எம். வீட்டுப் பூனையால்.

அடுத்தது புளி விவகாரம். கதவைச் சுற்றியிருந்த உலோகப் பட்டைகள் அழுக்கானால் அலை உள்ளே கசியும். துடைக்கக் கம்பெனி ஒரு மருந்து கொடுத்திருந்தது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு டிபன் டப்பாவில் வீட்டிலிருந்து புளி கொண்டு வந்து, குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி தினமும் காலையில் அந்தக் கதவைத் துலக்குவார். பட்டைகள் பளபளவென்று மின்னும். தணிக்கைக்கு வந்தவர், “எதைக் கொண்டு சுத்தம் செய்கிறீர்கள்? எழுத்தில் வேண்டும்” என்று கேட்டுவிட்டார். புளி என்று எழுதினால் மானம் போகும். அகராதியைப் புரட்டி, ‘டமாரிண்டஸ் இண்டிகா, இயற்கை அமிலக் குழம்பு, விதை நீக்கியது’ என்று படிவத்தில் எழுதினேன். தணிக்கையாளர் இரண்டு தடவை படித்துவிட்டு, “மிக நல்லது. மற்ற தொழிற்சாலைகளிலும் இதைப் பயன்படுத்தலாமே” என்றார். அக்கா என்னைப் பார்த்து, “விதை நீக்கியதுன்னு எழுதினியா?” என்று கேட்டார். “எழுதினேன் அக்கா.” “ம். அது முக்கியம்.”

ஆனால் நம் கதைக்கு வேர் புளி இல்லை, விக்.

எங்கள் சிப்புகளுக்கு நிலைமின்சாரம் ஆகாது. நைலான் துணியைத் தேய்த்தால் பட்டென்று ஒரு பொறி வருமே, அது போதும், சிப் செத்துவிடும். அதற்காக அக்கா ஒரு சின்ன மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, அறைக்குள் வருகிற ஒவ்வொருவரையும் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்ப்பார். ஒருநாள் ஜி.எம். வந்தார். பெரிய மனிதர், கோட்டு, டை, அடர்த்தியான கறுப்பு முடி. பிஸ்கட் டின்னில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கையை விரித்து நின்றார். கால் சரி. இடுப்பு சரி. தோள் சரி. மீட்டர் காதைத் தாண்டியதும் ‘பீ...ப்!’ என்று அலறியது. அக்கா முகம் மாறவில்லை. மறுபடியும் கொண்டுபோனார். மறுபடியும் அலறல். சுற்றிலும் அங்கே வேலை செய்யும் இருபத்திரண்டு பெண்கள், நான், மூச்சு விடாமல் நிற்கிறோம்.

“பாஸ், தா போலே” என்றார் அக்கா. முடியாது என்று அர்த்தம். “தலைய கழட்டி டின்ல வெச்சிட்டு வாங்க.”

அது விக் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அக்காவுக்கு மட்டும் அது விக் இல்லை, ஒரு நைலான் பொருள். அவ்வளவுதான். ஜி.எம். உள்ளே வரவில்லை. மறு வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது: இனிமேல் அதிகாரிகளையும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவினரையும் வாசலில் சோதிக்க வேண்டாம். அவர்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டு, ‘அறைக்குள் அந்நியப் பொருள் எதுவும் கொண்டுசெல்லவில்லை’ என்று கையெழுத்துப் போட்டால் போதும்.

தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு என்றால் நான்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு விக்கினால் நான் அதிகாரி வர்க்கத்தில் சேர்ந்துவிட்டேன். அக்கா மட்டும் படிவத்தை நீட்டி, “கையெழுத்து போட்டா நான் நம்பிடுவேன், தெரியுமில்ல?” என்று கேட்டார். ஜம்பமாகப் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் இன்டர்நெட் கம்பிக்கென்று புது சிப் வந்தது. இரைச்சல் இரண்டரை டெசிபலுக்குள் இருக்க வேண்டும். வாங்கப்போகும் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பொறியாளர் நேரில் வந்து பார்ப்பார். அவர் திருப்தியானால் ஆர்டர் எங்களுக்கு, இல்லையென்றால் வேறு நாட்டுக்கு. தொழிற்சாலையே பண்டிகை மாதிரி பரபரத்தது. கழிப்பறைக்குக்கூடப் புது வர்ணம் அடித்தார்கள்.

காலையில் அக்கா தனியாக அளப்பார். எல்லாம் இரண்டு, இரண்டே கால். அழகு! மத்தியானம் அதே சிப்புகளில் சிலவற்றை என் முன்னிலையில் மறுபடியும் அளக்க வேண்டும், அதுதான் விதி. என் முன்னிலையில் அளந்தால் எல்லா அலைவரிசையிலும் சரியாக இருக்கும், நூறு மெகாஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் மீட்டர் துள்ளிக் குதித்து ஆறில் போய் நிற்கும். ஆறு! என் பெயரையே மீட்டர் எழுதிக் காட்டியும் எனக்கு உறைக்கவில்லை. ‘தோல்வி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளும் தோல்வி. மூன்று வாரம். காலையில் அக்கா தாள் பாஸ், மத்தியானம் என் தாள் ஃபெயில்.

அக்கா பதறவில்லை, ஆனால் ஆடிப்போனார். கதவு கசிகிறது என்று நினைத்து இரண்டு வேளை புளி போட்டார். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். ஏர்கண்டிஷனை நிறுத்தினார். பெண்களின் கொண்டை ஊசிகளைக் கழற்றச் சொன்னார். கடைசியில் தன் தாலியைக்கூடக் கழற்றிப் பிஸ்கட் டின்னில் வைத்துவிட்டு அளந்தார். ஆறு.

“என்னா அக்கா, வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?” என்று கேட்டேன்.

“அவரு ரெண்டு டெசிபல். ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்றார், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்போதும் சிரிக்கவில்லை.

ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கத்தை தாள்கள். “ஒருத்தர் மட்டும் இருக்கும்போது நல்லா வருது, சாட்சி இருந்தா கெட்டுப்போகுது. இதுக்கு என்ன அர்த்தம்?” என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அர்த்தம் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்: காலையில் அக்கா எண்களைக் கைப்பட மாற்றி எழுதுகிறார். பதினேழு வயதில் மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்து வேலைக்குச் சேர்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த மீட்டரைத் தானே கற்றுக்கொண்டவர், தே-ஓவில் சீனிகூடச் சேர்க்காதவர், எண்ணில் பொய் சேர்த்தார் என்று பெயர். கடிதம் தயாராகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து அக்கா பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டும். வெள்ளைக்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார்.

வியாழக்கிழமை மத்தியானம் கடைசித் தடவையாக அளந்தோம். இங்கேதான் நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். அந்த மூன்று வாரமும் வெளியூரில் பாட்மிண்டன் போட்டி நடந்துகொண்டிருந்தது. பினாங்கில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நாங்கள் போடும் வெள்ளை அங்கி காது, கழுத்து எல்லாவற்றையும் மூடிவிடும். என் சட்டைப் பையில் தீப்பெட்டி அளவு ஒரு எஃப்.எம். ரேடியோ. ஒயர் அங்கிக்குள் ஏறி, இயர்போன் காதுக்குள். அந்த அறைக்குள் போனதும் வர்ணனை நின்றுவிடும், வெறும் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான் வரும். அணைக்க வேண்டுமானால் அங்கியைக் கழற்ற வேண்டும். சோம்பேறித்தனம்! அப்படியே விட்டுவிடுவேன். உலகத்திலேயே ரேடியோ கேட்க முடியாத அறையில் மூன்று வாரம் ரேடியோ வைத்துக்கொண்டு நின்றவன் நான். தினமும் ‘அந்நியப் பொருள் இல்லை’ என்று கையெழுத்து வேறு. என்னைப் பொறுத்தவரை அது அந்நியப் பொருளே இல்லை, என் சொந்தப் பொருள்.

மீட்டர் ஆறில் நிற்கிறது. காதில் உஸ்ஸ். திடீரென்று உஸ்ஸ் தேய்ந்தது, முனகியது, நின்றது. பேட்டரி காலி. அதே நொடியில் மீட்டர் சறுக்கிக்கொண்டு இறங்கி இரண்டே காலில் போய் உட்கார்ந்தது.

“ஆறு! பாத்தியா? இறங்கிடுச்சு!” அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். முகமெல்லாம் வெளிச்சம். “நானு ஒண்ணும் தொடல. நீ பாத்தல்ல?”

“ஒரு நிமிஷம் அக்கா, ஜம்பான்” என்று கழிப்பறைக்கு ஓடினேன். வழியில் கன்டீன் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை உருவிக்கொண்டேன். அதுதானா என்று பார்க்க ரேடியோவில் போட்டு, திரும்பி அறைக்குள் வந்தேன். மீட்டர் தாவி ஆறுக்குப் போனது. அக்கா முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே அணைந்துபோனது. உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு கண்ணாடியையும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? நாளையிலிருந்து ரேடியோவை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் சிப் பாஸாகும், ஆர்டர் வரும், எல்லாருக்கும் சந்தோஷம். அக்காவுக்கு மட்டும் திருட்டுப் பட்டம். சாயங்காலம் பஸ்ஸில் ஜெலுத்தோங் வரைக்கும் இதையே யோசித்தேன். வீட்டில் அம்மா தோசை போட்டார்கள், இறங்கவில்லை. எனக்குத் தோசை இறங்கவில்லை என்றால் விஷயம் பெரிது என்று அம்மாவே பயந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை. கூட்ட அறையில் ஜி.எம்., ஆறரை அடி உயரத்தில் அந்த வெள்ளைக்காரர், ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு அக்கா, நான். ஜி.எம். தொண்டையைக் கனைத்தார். நான் எழுந்து நின்றேன். “பாஸ், தப்பு அக்கா மேல இல்ல. இரைச்சல் நான்தான்!”

“இப்ப ஜோக் அடிக்கிற நேரமா?” என்றார் ஜி.எம்.

“ஜோக் இல்ல பாஸ். என் பையில ரேடியோ இருக்கு.”

“உட்கார்.”

நம்பவில்லை! இது என் வாழ்நாள் பாவத்தின் சம்பளம். மூன்று மாதத்துக்கு முன்னால்தான், முதலாளி கம்பெனியை ஐஸ் கச்சாங் கடைக்கு விற்றுவிட்டார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்து இரண்டு பேரை அழ வைத்திருந்தேன். இப்போது நெஞ்சைத் திறந்து உண்மை சொல்கிறேன், அக்காவைக் காப்பாற்ற ஏதோ கோமாளித்தனம் செய்கிறான் என்று நினைக்கிறார்கள். சத்தியம் செய்தேன். ஜி.எம். கடிகாரத்தைப் பார்த்தார்.

ஓரத்திலிருந்து அக்கா குரல் வந்தது. “பாஸ், அவன் சொல்றத நம்ப வேணாம். அளந்து பாக்கலாம்.”

ஐந்து நிமிடத்தில் மொத்தத் தொழிற்சாலையும் தாமிர அறை வாசலில்! அக்காவும் வெள்ளைக்காரரும் உள்ளே மீட்டர் முன்னால். நான் வெளியே, கையில் ரேடியோ. இயர்போனைப் பிடுங்கிவிட்டேன், இனி ஒளிக்க என்ன இருக்கிறது? வாசலில் வர்ணனையாளர் மலாயில் கத்துகிறார். அரையிறுதி, மூன்றாவது செட்!

“உள்ள வா” என்றார் அக்கா.

போனேன். கதவு சாத்தியது. வர்ணனை செத்தது. உஸ்ஸ். மீட்டர் ஆறு.

“வெளிய போ.”

வந்தேன். “ஸ்மாஷ்!” என்று ரேடியோ அலறியது. வாசலில் இருபத்திரண்டு பெண்களும் கைதட்டினார்கள். உள்ளே மீட்டர் இரண்டே கால்.

“உள்ள வா.” ஆறு. “வெளிய போ.” இரண்டே கால். நான் ஓட்டமும் நடையுமாக, அங்கி தடுக்க, வியர்வை வழிய. வெள்ளைக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி குதிக்க ஆரம்பித்துவிட்டார். ரேடியோ கேட்பது மட்டுமில்லை, கேட்பதற்காக உள்ளுக்குள் தானும் மெல்லியதாக ஓர் அலையை முனகிக்கொண்டே இருக்கும் என்று எனக்கு விளக்கினார். “இவ்வளவு சின்ன முனகலைக்கூட இந்த அம்மாவின் அறை பிடித்துவிட்டதே!” என்று கதவுப் பட்டைகளைத் தடவிப் பார்த்தார். “இதை எதால் சுத்தம் செய்கிறீர்கள்?”

“டமாரிண்டஸ் இண்டிகா” என்றேன் நான், மூச்சிரைக்க.

“நீ வெளிய போ” என்றார் அக்கா.

பதினோராவது தடவை வெளியே வந்தபோது கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் ரேடியோவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜி.எம். வந்தார். என் கையிலிருந்து ரேடியோவைப் பிடுங்கினார். தொலைந்தோம் என்று கண்ணை மூடினேன்.

“ஸ்கோர் என்ன?” என்றார்.

பதினாலுக்குப் பன்னிரண்டு. ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு புள்ளி! அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டார். கடைசி ஸ்மாஷில் தொழிற்சாலை அதிர்ந்தது. ஜி.எம். துள்ளியதில் விக் இடது காதுப் பக்கம் சாய்ந்தது. யாரும் பார்க்காத மாதிரி நடித்தோம்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. வெள்ளைக்காரர் ரேடியோ இல்லாமல் தன் கையாலேயே ஐம்பது சிப் அளந்தார். எல்லாம் இரண்டரைக்குள். தன் அறிக்கையில் அக்காவின் அறையைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதினார். ஜி.எம். அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றும் கடிதத்தை அவர் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்தார். கிழித்துவிட்டு, “மன்னிக்கணும்” என்று சொன்னார், விக்கைச் சரிசெய்துகொண்டே. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், பேனா பறிமுதல், மூன்று மாதம் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. அக்காவுக்கென்று தயாராக இருந்த அதே நாற்காலி. உட்கார்ந்து பார்த்தேன், ஒரு கால் ஆடியது.

ஆனால் அன்றைக்கு முழுக்க அக்கா என்னிடம் ‘உள்ள வா, வெளிய போ’ தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை. என்னை ஆறு என்றுகூடக் கூப்பிடவில்லை. அது என்னை என்னவோ செய்தது. வேலை போயிருந்தால்கூட வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு எண் வைத்து அளந்த ஒரே ஆள் அவர்தான்.

சாயங்காலம் தொழிற்சாலை பஸ். அக்கா முன்னால் இரண்டாவது வரிசையில், ஜன்னல் ஓரம், கண்ணை மூடிக்கொண்டு. பக்கத்து இருக்கையில் அவருடைய கைப்பை. அங்கே யாரும் உட்கார மாட்டார்கள், தைரியம் கிடையாது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ஆரம்பித்தேன். பாயான் லெப்பாஸில் ஆரம்பித்த மன்னிப்பு சுங்கை நிபோங் தாண்டியும் முடியவில்லை. நான் எவ்வளவு கெட்டவன், எவ்வளவு கோழை, தோசை இறங்காத கதை, எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

“மூணு வாரம் உங்க பேரக் கெடுத்தவன் நான்தான் அக்கா. தாலியைக் கழட்டி டின்ல வெச்சீங்க, அப்பக்கூட என் பையில அது ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஏதாவது சொல்லுங்க லா. திட்டவாவது திட்டுங்க.”

அக்கா கண்ணைத் திறந்து ஜன்னல் வழியே பாதையைப் பார்த்தார். பிறகு பக்கத்து இருக்கையிலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“உக்காரு, பஸ் வளைவுல திரும்பப் போவுது.”